துக்கடா எழுந்து போன தோடி

எங்கள் வீட்டு நாய்க்குச் சங்கீதம் தெரியும் என்று ஒரு கார்த்திகை மாதம் முழுக்க மந்தைவெளியில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேச வைத்தவள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது. தொண்ணூறுகளில் எங்கள் வகுப்பில் ஒருத்தியின் சித்தப்பா அமெரிக்காவில் இருந்தார். இன்னொருத்தி வீட்டில் ஏ.சி. இருந்தது. வேறொருத்தி ஒரு சோப்பு விளம்பரத்தில் தலையைக் காட்டியிருந்தாள். பீற்றிக்கொள்ள என்னிடம் மட்டும் ஒன்றும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது துக்கடா.

துக்கடா வெள்ளைப் பொமரேனியன். அப்பாவின் ஆபீஸ் நண்பர் வீட்டில் பிறந்த குட்டிகளில் ஆகச் சின்னது. கச்சேரி முடிகிற நேரத்தில் பாடும் குட்டிக் குட்டிப் பாட்டுகளைத் துக்கடா என்பார்கள். துண்டில் சுற்றிக் கொண்டுவந்த குட்டியைப் பார்த்ததும் அப்பா அந்தப் பெயரை வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் எதற்குப் பெயர் வைத்தாலும் சங்கீதம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் போதும், அது எந்தக் கட்டைச் சுருதி என்று சொல்லிவிடுவார். அப்பாவின் தங்கை, என் அத்தை, ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடுதான் இருந்தாள். சாயங்காலங்களில் வீட்டிலும் நாலைந்து பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். மாடியில் குடியிருந்தவரை மாடி மாமா என்போம். உறவு ஒன்றும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சபா சபாவாகப் போய், யார் பாடியதும் பிடிக்கவில்லை என்று சொல்வதை முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கூட்டத்தில் அம்மா மட்டும் வேறு. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பெண் பார்க்கப் போனபோது ஒரு பாட்டுப் பாடு என்றதற்கு, தெரியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாளாம். "எங்காத்துல ஞானசூன்யம் இவ ஒருத்திதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா செல்லமாகச் சொல்லுவார். அம்மா காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சிரிப்பாள். நானும் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அத்தை நன்றாகப் பாடுவாள். ஆனால் மேடை ஏறியதில்லை. வருஷா வருஷம் சபாக்காரர்களைப் போய்ப் பார்ப்பாள், வருஷா வருஷம் அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் மயிலாப்பூரில் ஒரு சின்ன சபாவில் மார்கழிக் கச்சேரி ஒன்று கிடைத்துவிட்டது. மத்தியான நேரம், காசு கிடையாது, பக்கவாத்தியக்காரர்களுக்கு நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் கச்சேரி கச்சேரிதான். செய்தி வந்த அன்று அத்தை சமையலறையில் நின்றுகொண்டு, "மன்னி, எனக்குக் குடுத்துட்டா" என்றாள். அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். அத்தை அழுததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அதுவரை அத்தை துருத்தி வைத்த பழைய சுருதிப் பெட்டியோடுதான் பாடிக்கொண்டிருந்தாள். அதை இழுத்து இழுத்து அமுக்குவது என் வேலை. என் கை ஓய்ந்தால் சுருதி ஓயும், சுருதி ஓய்ந்தால் அத்தை முறைப்பாள். தங்கைக்குக் கச்சேரி கிடைத்த சந்தோஷத்தில் அப்பா எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். சுவிட்சைப் போட்டால் அது பாட்டுக்கு இழைந்துகொண்டிருக்கும். பாட்டரி வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகாது என்று, அதைக் கரண்டில் ஓட்ட ரிச்சி தெருவில் ஒரு எலிமினேட்டரும் வாங்கினார். சுவரில் இருக்கும் பிளக்கில் செருகுகிற கறுப்புக் கட்டி அது. கம்பெனிப் பெயர்கூடப் போட்டிருக்கவில்லை. எனக்கு வேலை போயிற்று என்று நான் கொண்டாடினேன்.

புதுப் பெட்டியை வைத்த அன்றே அத்தை தோடி ராகத்தை எடுத்தாள். கச்சேரியில் பெரிய உருப்படி தோடிதான் என்று முடிவு செய்திருந்தாள். தோடி லேசுப்பட்ட ராகம் இல்லை. அதில் காந்தாரம் என்று ஒரு ஸ்வரம். அது நேராக நிற்கவும் கூடாது, விழுந்துவிடவும் கூடாது, அசைந்துகொண்டே நிற்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் தெரிந்தவர்கள் முகம் கோணுவார்கள்.

அன்று முகம் கோணியது துக்கடா. கூடத்து மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது சடாரென்று எழுந்தது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. சோபாவுக்கு அடியில் போனது, வெளியே வந்தது, வாசல் கதவைப் பிறாண்டியது. பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டது. பிறகு நேராக அத்தையிடம் வந்து அவள் புடவைத் தலைப்பைப் பல்லால் பிடித்து இழுத்தது. அத்தை சிரித்துக்கொண்டே அதைத் தள்ளிவிட்டு மேலே பாடினாள். அது அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபடியும் ஓடியது. அவள் பாட்டை முடித்துச் சுவர் சுவிட்சை அணைத்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் படுத்துக்கொண்டது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. நல்ல பிள்ளையாக இருந்த நாய்க்குத் திடீரென்று என்ன வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. யார் கண்ணோ பட்டிருக்கிறது என்று அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியில் நாங்கள் எல்லாரும் இருமினோம், துக்கடா மட்டும் தும்மக்கூட இல்லை. வயிற்றில் பூச்சியாக இருக்கும் என்று அப்பா அதை ஆட்டோவில் வைத்து ஆழ்வார்பேட்டையில் ஒரு நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். நானும் போனேன். டாக்டர் காதைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"எப்பல்லாம் இப்படிப் பண்ணுது சார்?"

"என் தங்கை பாடறப்ப."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "எனக்குப் பாட்டைப் பத்தித் தெரியாது சார், நாய் நல்லா இருக்கு" என்று சொல்லி, வந்ததற்கு ஒரு பூச்சி மாத்திரை கொடுத்தார்.

விஷயம் மாடிக்குப் போனது. மாடி மாமா இறங்கிவந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சாயங்காலம் முழுக்க நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை பாடினாள், துக்கடா சுற்றியது. அத்தையின் மாணவி ஒருத்தி பாடினாள், துக்கடா இன்னும் வேகமாகச் சுற்றியது. மாமா மாடிக்குப் போய்த் தன் டேப் ரெக்கார்டரை எடுத்துவந்தார். சுருதிப் பெட்டிக்குப் பதில் அதைப் பிளக்கில் செருகி, ஊரே கொண்டாடிய பழைய வித்வான் ஒருவர் பாடிய தோடிக் கேசட்டைப் போட்டார். துக்கடா முன்னங்கால்களை நீட்டி, அதன்மேல் தலையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டது.

மாமா டேப்பை நிறுத்திவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "ஏம்ப்பா, இது சாதாரண நாய் இல்லை. இதுக்கு ஞானம் இருக்கு. தோடியில காந்தாரம் நிக்கலைன்னா மனுஷாளே எழுந்து போயிடறா. இது வாயில்லா ஜீவன், என்ன பண்ணும்? அதான் கொட்டாவி விடறது."

அப்பாவின் முகத்தில் வந்த பூரிப்பை நான் மறக்கவே மாட்டேன். தங்கையின் காந்தாரத்தைப் பற்றிச் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நம் வீட்டு நாய்க்கு ஞானம் இருக்கிறது, அவ்வளவுதான் விழுந்தது. இருக்காதா பின்னே, எந்த வீட்டு நாய் என்றார். அத்தையும் சிரித்தாள். முதல் நாள் எல்லாரும்தான் சிரித்தோம்.

அதற்கப்புறம் என் ராஜ்ஜியம். பள்ளிக்கூட வேனில் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை துக்கடா பேச்சுதான். அமெரிக்கச் சித்தப்பாவும் ஏ.சி.யும் போன இடம் தெரியவில்லை. சனி ஞாயிறுகளில் தோழிகள் தங்கள் அம்மாக்களோடு வந்தார்கள். அத்தை பாடுவாள், நாய் எழுந்து சுற்றும், பார் பார் என்று நான் காட்டுவேன். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால் நான்கு பேர் நின்று பார்த்தார்கள். எங்கள் வீட்டு எதிரில் மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர்கூட ஒருநாள் கேட்டார்.

"இன்னா பாப்பா, உங்க நாய் பாட்டு வாத்தியார் ஆயிட்சாமே?"

ஆமாம் என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

"டெய்லி இங்க என் வண்டிக்குக் கீழதான் வந்து குந்திகினு கீது. ரேடியோல சினிமாப் பாட்டு ஓடிக்கினே இருக்கு, ஒண்ணும் சொல்லலியே. அப்ப அதெல்லாம் நல்லாப் பாடறாங்கோன்னு அர்த்தமா?"

மாடி மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "சினிமாப் பாட்டை அது பாட்டாவே எடுத்துக்கலை" என்றார். சரியாகத்தான் பட்டது.

பிறகு லஸ் பக்கத்திலிருந்து ஒரு மாமி வந்தாள். தன் பெண்ணுக்கு ஞானம் எப்படி என்று துக்கடாவிடம் காட்டிக் கேட்க வேண்டும் என்றாள். நான் சொல்லவில்லை, அவளேதான் அப்படிக் கேட்டாள். பெண் தன்னுடைய சுருதிப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள், பாட்டரியில் ஓடுவது. அதை மடியில் வைத்துக்கொண்டு மூக்கால் பாடினாள். துக்கடா அசையவில்லை. படுத்த இடத்தில் படுத்தபடி வாலை மட்டும் ஒருமுறை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகிற வழியில் நடுத்தெருவில் நின்று, "பாட்டு டீச்சராத்து நாயே டீச்சர் பாடினா எழுந்து போறது, என் பொண்ணு பாடினா கேட்டுண்டு படுத்துண்டிருக்கு" என்று யாரிடமோ சொன்னது எங்கள் ஜன்னலுக்கே கேட்டது. கபாலி கோயில் குளக்கரைக்கு அது அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த வாரம் அத்தையிடம் கற்றுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

அத்தை சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் புதுப் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள். இப்போது கண் நாயின் மேலேயே இருந்தது. காந்தாரத்துக்கு வரும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பாள், கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பாள், அசைத்துப் பார்ப்பாள். எப்படிப் பிடித்தாலும் துக்கடா சுற்றிக்கொண்டேதான் இருந்தது. அவள் எவ்வளவு நேரம் பாடினாளோ அவ்வளவு நேரமும் சுற்றியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, காந்தாரம் இன்னும் கொஞ்சம் அசையணும்போல இருக்கு" என்று யோசனை சொன்னேன். எனக்கு அப்போது பத்து வயது. நாய் என்னுடையது என்பதால் அந்த உரிமை எனக்கு உண்டு என்று நினைத்தேன்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை தட்டில் கை வைக்காமலே சொன்னாள். "அண்ணா, நாளைக்கு சபாவுக்கு போன் பண்ணி வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லிடப் போறேன்."

"எதுக்கு?"

"நாய்க்கே பொறுக்கலை. மனுஷா எதுக்கு உக்காந்து கேக்கணும்?"

அப்பா பெரிய சங்கடத்தில் மாட்டிக்கொண்டார். தங்கையைத் தேற்ற வேண்டும் என்றால், நாய்க்கு என்ன தெரியும் என்று சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னால், ஒரு மாதமாக ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்த பெருமை என்ன ஆவது? "அதுக்கு ஞானம் இருக்கு, இல்லேங்கல. ஆனா ரொம்ப இருக்குன்னு சொல்ல முடியாது" என்று இழுத்தார். அத்தை எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அம்மா அவள் தட்டை எடுத்து மூடிவைத்தாள். எனக்குக் கோபமாக வந்தது. கச்சேரியே இல்லை என்றால், அதில் துக்கடாவின் பங்கைப் பற்றி வேனில் என்ன சொல்வது?

மறுநாள் எங்களுக்கு மழையினால் பள்ளிக்கூடம் லீவு. அத்தை பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருந்தாள். அங்கிருந்தே சபாவுக்கு போன் செய்துவிடுவேன் என்று சொல்லியிருந்தவளிடம், "சாயந்திரம் ஆத்துக்கு வந்து பண்ணிக்கலாம், ஒரு நாள்ல என்ன ஆயிடப் போறது" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மத்தியானம் அம்மா கூடத்தைப் பெருக்கினாள். நான் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். துக்கடா என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

எலிமினேட்டர் பிளக்கிலேயே செருகியிருந்தது, சுவிட்ச் மட்டும் அணைந்திருந்தது. பெருக்குமாறு பட்டதோ, அம்மாவின் முழங்கை பட்டதோ, சுவிட்ச் ஆன் ஆகிவிட்டது. சுருதிப் பெட்டி அலமாரியில் இருந்தது. பாட்டு இல்லை, சுருதி இல்லை, தோடியும் இல்லை. துக்கடா எழுந்து சுற்ற ஆரம்பித்தது. அம்மா பெருக்குவதை நிறுத்தினாள். நாயைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். சுவிட்சை அணைத்தாள். துக்கடா நின்றது. போட்டாள், ஓடியது. அணைத்தாள், உட்கார்ந்தது. இப்படியே அவள் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தாள். அம்மா நாயோடு விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கறுப்புக் கட்டிக்குள் ஏதோ ஒன்று, மனுஷக் காதுக்கு எட்டாத உயரத்தில் கீச்சிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. நாயின் காதில் அது ஊசியாகக் குத்தியிருக்கிறது. அத்தை பாடும்போதெல்லாம் அது ஓடியது, அது ஓடும்போதெல்லாம் துக்கடா ஓடியது. விஷயம் இவ்வளவுதான். வளர்ந்த பிறகு எனக்கு விளங்கிய இதை அம்மா அந்தப் பத்து நிமிஷத்தில், கையில் பெருக்குமாற்றோடு கண்டுபிடித்துவிட்டாள்.

அம்மா எலிமினேட்டரைப் பிடுங்கினாள். பழைய துணி ஒன்றில் சுற்றி, சமையலறை மேல் அலமாரியில் பெரிய டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளினாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, கணக்கு முடிஞ்சுதா?" என்றாள்.

சாயங்காலம் எல்லாரும் வந்தபின் அவள் காபி கொடுத்துக்கொண்டே சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அந்த எலிமினேட்டர் பொசுங்கிடுத்து. ஒரே நாத்தம். தூக்கிப் போட்டுட்டேன்." வேறு ஒன்று வாங்கலாம் என்றார் அப்பா. "கச்சேரி ஆகட்டும், அப்பறம் பார்த்துக்கலாம். பழைய பெட்டி இருக்கோன்னோ" என்றாள் அம்மா. பிறகு அத்தையிடம், "போன் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தரம் பாடேன். எனக்காக" என்றாள். அம்மா அத்தையைப் பாடச் சொல்லிக் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எனக்குப் பழைய வேலை திரும்பி வந்துவிட்டது. உர்ரென்று துருத்தியை இழுத்து அமுக்கினேன். அத்தை நாயைப் பார்த்துக்கொண்டே தோடியைத் தொடங்கினாள். துக்கடா எழுந்தது. பழக்கதோஷம். ஒரு சுற்றுச் சுற்றியது. அத்தையின் குரல் அறுந்துவிடும்போல இருந்தது. துக்கடா நின்று, காதைத் தூக்கிக் கேட்டது. பிறகு மெதுவாக வந்து அத்தையின் புடவைத் தலைப்பின் மேல் படுத்து, முகவாயைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அத்தை காந்தாரத்தில் நின்றாள். அங்கேயே நின்றாள். இத்தனை நாளும் நாயைப் பிடித்து நிறுத்துவதற்காக அவள் அசைத்துப் பார்த்ததெல்லாம் அந்த ஒரு ஸ்வரத்துக்குள் சேர்ந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் துருத்தியை அமுக்கிக்கொண்டிருந்த என் கை அதற்கு மரியாதை கொடுத்து மெதுவாக அமுக்கியது. மாடியிலிருந்து மாமா சட்டைகூடப் போடாமல் இறங்கி வந்து வாசற்படியில் நின்றார்.

"நின்னுடுத்துடி அம்மா. காந்தாரம் நின்னுடுத்து. நான் சொல்லலை, நாயே சொல்லிடுத்து."

அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டார். நான் துக்கடாவைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட இருந்ததில்லை. அம்மா உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போது அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மாடி மாமா மாடியோடு நின்றிருப்பார், அப்பாவும் ஞானசூன்யத்தைப் பற்றி வாயைத் திறந்திருக்க மாட்டார். நாய் ஒரு பிளக்குக்குப் போய்ப் பயந்ததை, ராகம், ஸ்வரம் என்று ஒரு மாதம் பேசியிருக்கிறார்களே. ஆனால் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? நாத்தனாருக்காக மன்னி சப்பைக்கட்டுக் கட்டுகிறாள் என்று குளக்கரையில் பேசியிருப்பார்கள். நாய் கெடுத்த பேரை நாயே திருப்பிக் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது. நாயும் கொடுத்தது. துக்கடா டீச்சரை ஒத்துக்கொண்டுவிட்டது என்று நான் வேனில் சொன்னது, உடம்பு சரியில்லாத பெண்ணைக் குணப்படுத்தித் திரும்ப வகுப்புக்கு அனுப்பியது.

கச்சேரி நாள் காலையில் அம்மா அத்தை பேருக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா டாக்சி பிடிக்கப் போயிருந்தார். நானும் அத்தையும் மட்டும்தான் வீட்டில். மேடைக்கு வெந்நீர் எடுத்துப்போக பிளாஸ்க் வேண்டும் என்று அத்தை ஸ்டூல் போட்டு ஏறி மேல் அலமாரியில் தேடினாள். பிளாஸ்கோடு ஒரு துணிப் பொட்டலமும் கையோடு வந்தது. பிரித்துப் பார்த்தாள். பொசுங்கிப்போன எலிமினேட்டர். அதை முகர்ந்து பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கூடத்துக்கு வந்து பிளக்கில் செருகிச் சுவிட்சைப் போட்டாள். அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

துக்கடா துள்ளி எழுந்து சுற்ற ஆரம்பித்தது.

அத்தை சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிளக்கையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமே இல்லாமல் முதலில், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை. துக்கடாவைப் பிடித்து இழுத்து அதன் இரண்டு காதையும் தடவிக்கொடுத்தாள். "பாவம்டி இது" என்றாள் என்னிடம். மேடைப் பயம் வந்தால் இப்படித்தான் ஆகும் என்று மாடி மாமா சொல்லியிருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை எலிமினேட்டரை அதே துணியில், அதே மடிப்பில் சுற்றினாள். ஸ்டூலில் ஏறி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். அம்மா திரும்பி வந்து அவள் நெற்றியில் விபூதி இட்டபோது, "போகலாமா மன்னி" என்று மட்டும் கேட்டாள்.

துக்கடாவைச் சபாவுக்கு அழைத்துப்போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதைவிட அநியாயம் உண்டா? இஸ்திரிக்காரரிடம் சங்கிலியைக் கொடுத்தேன். "நீ போய்க்கினே இரு பாப்பா, நம்ம வாத்தியாரை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

மத்தியானக் கச்சேரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே கண்ணயர வருகிறவர்கள். அன்றைக்கும் அப்படித்தான் வந்திருந்தார்கள். மேடையில் சுருதிக்கு அத்தையின் மாணவி ஒருத்தி உட்கார்ந்துகொண்டாள், நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். மாடி மாமா, அப்பா, நான், ஓரத்தில் அம்மா. அப்பா முன் நாற்காலிக்காரரிடம் எங்கள் நாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். விட்டுப்போனதை நான் எடுத்துக்கொடுத்தேன். அத்தை தோடியைத் தொடங்கினாள். மேடையில் அவள் பார்த்துக்கொண்டு பாட நாய் எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள், முன்பெல்லாம் வீட்டில் மூடிக்கொள்வதுபோல. காந்தாரத்துக்கு அவள் வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தவர்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் ஒரு பெரியவர் "பேஷ்" என்றார். அந்த ஹாலில் எழுந்து போக ஒருவரும் இல்லை. அதற்குக் காரணம் துக்கடாதான் என்று எனக்கு மார்பு விம்மியது.

ஆலாபனை முடிந்ததும் கைதட்டினார்கள். அத்தை கண்ணைத் திறந்து எங்கள் வரிசையைப் பார்த்தாள். மாடி மாமா கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. அப்பா எழுந்து நின்றே கைதட்டினார், அவரையும் பார்க்கவில்லை. எங்கள் பக்கமாக, வரிசையின் ஓரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வயலின்காரர் வாசிக்க ஆரம்பித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையையும் மெல்லக் குவித்தாள். என் பக்கத்தில் அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு கைப்பையில் எதையோ தேடினாள்.

நன்றி யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர் மரத்தடியில் இஸ்திரி வண்டிக்குக் கீழே படுத்திருக்கிறாரே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. அதனால் துக்கடாவின் சார்பில் நான் நாற்காலி மேல் ஏறி நின்று, அத்தைக்கு இரண்டு கையையும் ஆட்டினேன்.